சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன்

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. ஆனால் பொலிஸ் நிலைய மேசையில் இன்றும் பலர் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடுகிறார்கள். பிறகு நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் எடுபடுவது கடினம்.

சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழில் பதியும்படி கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், எழுதியதை மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், கையெழுத்துக்கு மேலே "தமிழில் விளக்கப்படவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். வற்புறுத்துவார்கள், அவசரப்படுத்துவார்கள், அசைய வேண்டாம். திகதியையும் முறைப்பாட்டின் பக்க, பந்தி எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே முறையிடலாம். மொழி உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அது அடிப்படை உரிமை மீறலாகவும் இருந்து, அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. பலர் தவறவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான்.