பனி வெள்ளையா இருந்தா பயமில்ல, கருப்பா இருந்தா தான் பயம்

மார்கழில வாசல் தெளிக்கறப்ப கால் கொஞ்சம் சில்லுன்னு இருக்கும் பாருங்க, காரைக்குடிக்காரனுக்குத் தெரிஞ்ச குளிர் அவ்வளவுதான். அதை வச்சுக்கிட்டு பொங்கல் முடிஞ்சு நானும் மாப்ளையும் ரயிலேறி சண்டிகர் போயி, ஒரு பழைய 350 புல்லட்ட வாடகைக்கு எடுத்துக்கிட்டு சிம்லா தாண்டி நார்கண்டாவுக்குக் கிளம்பிட்டோம். கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரம். காலைல செல்ஃப் எடுக்கவே எடுக்காது, குளிர்ல பேட்டரி சோர்ந்துரும், கிக்கர் உதைச்சு உதைச்சு தான் உடம்பே சூடாகும்.

நான் வண்டியோட விழுந்தது குஃப்ரி தாண்டி ஃபாகு பக்கம், தேவதாரு நிழல்ல வெயிலே படாத ஒரு வளைவு. ஓரமா ஒதுக்கி வச்ச பனி பகல்ல உருகி ரோட்டுக்குக் குறுக்க ஓடுது, ராத்திரி அப்படியே உறைஞ்சுருது, கீழ இருக்குற தார் தெளிவாத் தெரியறதால சும்மா ஈரம்னு தான் நினைச்சேன். முன் பிரேக்க லேசாத் தொட்டேன், அடுத்த நொடி ஹேண்டில் கையில இல்ல. நான் கீழ விழுந்து கிடக்கேன், வண்டி மட்டும் சத்தமே இல்லாம சுத்திக்கிட்டே போகுது. 15 கிலோமீட்டர் வேகம் கூட இருக்காது, அதனால முட்டி வீக்கத்தோட தப்பிச்சேன். எந்திரிச்சு ரோட்ட விரலால தொட்டுப் பாத்தா ஈரம் கூட ஒட்டல. ஆத்தங்குடி கல்லுக்கு மினுமினுப்பு வர்றதுக்கு கண்ணாடி மேல தான வார்ப்பாங்க, அந்தக் கண்ணாடியவே ரோட்டுல விரிச்ச மாதிரி.

பக்கத்து டீக்கடைப் பெரியவர் முட்டிய பாத்துட்டு, வெயில் ஏறி பத்து மணிக்கு மேல கிளம்பு, மூணு மணிக்குள்ள ரூம்ல இருன்னு கண்டிப்பாச் சொன்னாரு. நம்ம ஊர்லேருந்து போற தம்பிகளா, இத மட்டும் மறந்துராதீங்க. புதுசா விழுந்த வெள்ளைப் பனில டயருக்கு கொஞ்சமாவது பிடி இருக்கு, என்னை விழ வச்ச மாதிரி, அடியில தார் தெரியற கருப்பு ஐஸ்ல சுத்தமா இல்ல, பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் கூட அங்க பெருசா உதவாது. வளைவுக்கு முன்னாடியே செகண்ட் கியருக்கு வந்துருங்க, இஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கும், பாலத்து மேல இன்னும் நிதானம், அடியிலயும் காத்து அடிக்கறதால அது தான் மொதல்ல உறையும். கம்பளி கிளவுஸ் மேல பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸ் ஒண்ணு மாட்டிக்கங்க, விரல் மரத்துப்போனா கிளட்ச் பிடிக்கவே வராது.

திரும்பி வர்றப்ப அதே வளைவுல எறங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் வண்டியப் பிடிச்சு உருட்டிக்கிட்டே வந்தோம். யாரோ அங்க மண்ணும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வச்சிருந்தாங்க, ஒரு முழ அகலத்துக்கு. அந்தச் சாம்பல் கோட்டுமேலயே டயர வச்சு நடத்திக் கொண்டாந்தோம்.