பிளேட்லெட் 14 ஆயிரம்

நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் காய்ச்சல் வார்டில் பேச்செல்லாம் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவான பிளேட்லெட்தான். காலையில் ரிசல்ட் வந்ததும் "உங்களுக்கு எவ்வளவு?" என்று கட்டிலுக்குக் கட்டில் விசாரிப்பார்கள். அப்படியொரு மழை இரவில்தான் 26 வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். நான்கு நாளாகக் காய்ச்சல், பிளேட்லெட் 14 ஆயிரம். டெங்குவாக இருக்கும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்கள். நானாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் எழுதியிருப்பேன். அவள் மாமனார் ரத்தம் கொடுக்க நான்கு பேரைக் கூட்டிவந்து வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்.

காலை ரவுண்ட்ஸில் ஹீமோகுளோபின் 6.8 என்று பார்த்ததும் எனக்கு இடித்தது. டெங்கு முற்றினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், ரத்தம் கெட்டிப்படும், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். எங்கும் ரத்தம் போகாமல் இவளுக்கு ஏன் இவ்வளவு இறங்கியிருக்கிறது? இமையை விலக்கிப் பார்த்தேன், கண் லேசாக மஞ்சளித்திருந்தது. "பையன் பேர் என்னம்மா?" என்றேன். தம்பியின் பெயரைச் சொன்னாள். "காய்ச்சல் வேகத்துல உளறுதுங்க டாக்டரம்மா" என்றார் மாமியார். காய்ச்சல் அப்போது நூறைக்கூடத் தொடவில்லை.

நேராக லேபுக்குப் போனேன். மெஷின் எண்ணிக்கை சொல்லும், அணு எப்படி இருக்கிறது என்பதைக் கண்தான் பார்க்க வேண்டும். டெக்னீஷியன் அக்கா ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்துக் கொடுத்தார். நல்ல சிவப்பணு வட்டமாக, நடுவில் வெளிறி இருக்கும். இங்கே பாதி நிலா போல, இரண்டு கொம்பு முளைத்தது போல, ஹெல்மெட் போல உடைந்த துண்டுகள். பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருந்தது. அக்காவும் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒடைஞ்சு கெடக்குதே மேடம்" என்றார். ரத்தம் உறையும் நேரமோ சரியாக இருந்தது. அணுக்கள் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் எல்.டி.எச். என்ற நொதி மட்டும் எகிறியிருந்தது.

த்ராம்போடிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா. சுருக்கமாக டி.டி.பி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்கு மட்டும் வருவது. 1924-ல் நியூயார்க்கில் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் முதன்முதலாக இதை எழுதிவைத்தார். அவர் பார்த்த 16 வயதுச் சிறுமி பிழைக்கவில்லை. ரத்தக் குழாயின் உட்சுவர் சுரக்கும் நீளமான புரத இழைகளை நறுக்கிவிட ஆடம்ஸ்-13 என்றொரு நொதி உண்டு. உடம்பே அந்த நொதிக்கு எதிரியாகிவிட்டால் இழைகள் நறுக்கப்படாமல் நீண்டு கிடக்கும். பிளேட்லெட்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு மூளை, இதயம், சிறுநீரகம் எங்கும் நுண்குழாய்களை அடைக்கும். அவ்வழியே போகும் சிவப்பணுக்கள் முள்வேலியில் மாட்டிய சேலைபோலக் கிழியும். பிளேட்லெட் குறைவது இப்படிச் செலவாகித்தான். வெளியிலிருந்து ஏற்றினால் அடைப்புக்கு இன்னும் தீனி போட்டதாகலாம். உயிர்போகும் ரத்தக்கசிவு இல்லாதவரை தொடக்கூடாது.

இதை நான் கற்றது ஒரு சாவில். பி.ஜி. படிக்கும்போது எங்கள் வார்டில் ஓர் அம்மாவுக்குக் கிருமித்தொற்று என்று நினைத்து பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே இருந்தோம். ஐந்தாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பேராசிரியர் அவருடைய ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் இழுத்த ரத்தத்தை, எங்களுக்குக் காட்டினார்: இதே உடைந்த அணுக்கள். ரத்தம் ஏற்றும் நோட்டில் இருந்தது என் கையெழுத்து.

மாமனாரிடம் பேசியதுதான் அன்றைக்குக் கடினமான வேலை. "ஆள் ரெடியா இருக்காங்கம்மா, பிளேட்லெட் ஏத்துங்கம்மா" என்று கைகூப்பினார். ஊரே பிளேட்லெட் தேடி அலையும் மாதத்தில், அது வேண்டாம் என்று சொல்லும் டாக்டரை யார் நம்புவார்கள்? அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து உடைந்த அணுக்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்ப என்ன வேணுமோ செய்ங்க" என்றார்.

வேண்டியது பிளாஸ்மா, ரத்தத்தின் நீர்ப்பகுதி. நொதியைத் தாக்கும் பொருள் அவளுடைய பிளாஸ்மாவில் இருக்கிறது, நல்ல நொதி கொடையாளர்களுடையதில் இருக்கிறது. அவளுடையதை வடித்து எடுத்துவிட்டு, கொடையாளர்களுடையதைச் செலுத்த வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இறக்கும் நோய் இது. 1991-ல் வெளியான கனடா ஆய்வில், பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஆடம்ஸ்-13 பரிசோதனைக்கு ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினோம். முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது. ஸ்டீராய்டு போட்டு, பிளாஸ்மா ஏற்றத் தொடங்கினோம். சாயங்காலம் சிறுநீரகப் பிரிவினர் கழுத்தில் குழாய் போட்டு மெஷினை ஓட்டினார்கள். ரத்த வங்கியில் ஒரு தம்பி உறைந்த பைகளை 37 டிகிரி தண்ணீரில் உருக்கி உருக்கிக் கொடுத்தான். முதல் நாளே 13 பை. வராந்தாவில் காத்திருந்த நால்வரும் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் 19 ஆயிரம். அடுத்த நாள் 34. அன்று காலை நான் கேட்காமலே, "எம் பையன் சாப்பிட்டானா?" என்று பெயர் சொல்லிக் கேட்டாள். ஆறாம் நாள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஆடம்ஸ்-13 முடிவு அதற்குப் பிறகே வந்தது, 10 சதவீதத்துக்கும் கீழே.

இப்போதும் ரத்தப் பரிசோதனைக்கு வந்துபோகிறாள். இந்த நோய் திரும்பி வரலாம், கர்ப்பத்தில் அந்த ஆபத்து அதிகம். போன முறை தயங்கித் தயங்கி, இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள். நொதியின் அளவை மறுபடி பார்க்க ரத்தம் அனுப்பியிருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.