கவரில் போடும் முன் அரை மணி நேரம்

கொளத்தூரில் ஒரு வண்ணமீன் பண்ணையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கோயம்புத்தூருக்கு ஸ்டெர்பை கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன்கள் இருபது போக வேண்டியிருந்தது. பண்ணையில் சுருக்கமாகக் கோரி என்போம். வலையால் அள்ளி நேராகக் கவரில் போட்டு, ஆக்ஸிஜன் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டேன். மறுநாள் காலையில் போன். கவருக்குள் ஒரே நுரை, பதினாறு செத்துக் கிடக்கின்றன.

தண்ணீரிலும் குறையில்லை, ஆக்ஸிஜனும் போதுமான அளவு இருந்தது. பண்ணையில் மூத்தவரான அண்ணன்தான் விளக்கினார்: "தம்பி, பயந்தா இது விஷம் விடும். முதல்ல பக்கெட்ல விடு. பயம் தெளிஞ்சதும் தண்ணிய மாத்திட்டு, அப்புறம் கவர்ல போடு."

கோரி மீன்களுக்கு மார்புத் துடுப்பின் அடியில் ஒரு சுரப்பி உண்டு. விழுங்க வரும் பெரிய மீனிடமிருந்து தப்பிக்கத்தான் அந்த விஷம். ஸ்டெர்பையின் பூர்வீகம் பிரேசிலுக்கும் பொலிவியாவுக்கும் எல்லையாக ஓடும் குவாப்போரே ஆறு. ஓடுகிற தண்ணீரில் விஷம் கரைந்து போய்விடும். கட்டிய கவருக்குள் எங்கே போகும்? தன் விஷத்திலேயே மீன் சாகிறது. எங்கள் மீன்கள் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை, கொளத்தூர் தொட்டியில் பிறந்தவை. பயம் மட்டும் கூடவே வந்திருக்கிறது.

விரல் நீளம்கூட வராத உடம்புக்குள் எத்தனை பாதுகாப்பு! பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், வீட்டுக் கூரையின் ஓடு அடுக்கியதுபோல. கருத்த தலையில் வெள்ளைப் புள்ளிகள். ஆரஞ்சு நிற மார்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொண்டால் எளிதில் மடங்காது. ஒருமுறை வலையில் சிக்கிய முள்ளை எடுக்க, கத்தரிக்கோலால் வலையைத்தான் வெட்டினேன். அன்றிலிருந்து பிளாஸ்டிக் கப்பில்தான் பிடிக்கிறேன்.

1962இல் இதற்குப் பெயர் வைத்தவர் க்னாக் என்ற ஜெர்மானியர். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் குந்தர் ஸ்டெர்பாவைக் கௌரவிக்க வைத்த பெயர். 2024இல் கோரிடோராஸிலிருந்து பிரித்து ஹாப்ளிசோமா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பண்ணையில் இன்னும் கோரிதான்.

இப்போதெல்லாம் பக்கெட்டில் விட்டதும் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். முதலில் எல்லாம் மூலையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்று விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். குடல் வழியாகவும் மூச்சு வாங்கத் தெரிந்த மீன் இது. கொஞ்ச நேரத்தில் மீசையால் பக்கெட்டின் அடியைத் துழாவ ஆரம்பிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீரை மாற்ற எழுந்திருப்பேன்.