நூற்றுக்கு எவ்வளவு?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய முதல் கட்டுரைக்கு பி மைனஸ் வந்திருக்கிறது என்று காரைக்குடிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அப்பா சற்று யோசித்துவிட்டு, "நூத்துக்கு எவ்வளவு ஆத்தா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எங்கும் ஓர் எண் இல்லை. ஓரங்களில் பென்சிலால் சிறு சிறு குறிப்புகள் இருந்தன, அவற்றுள் மூன்று இடங்களில் ஒரே கேள்வி எழுதப்பட்டிருந்தது: "இது யாருடைய கருத்து?"

எங்கள் வீட்டில் எண் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. அப்பா திருமணப் பத்திரிகை அடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். எத்தனை பிரதி, எத்தனை வரி, எந்த நாளுக்குள் என்று ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவருடைய வழக்கம். என் படிப்பும் அந்த வகையில்தான் பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2006இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது எனக் கூட்டி இருநூற்றுக்கு வரும் கட்‑ஆஃப்தான் வாசல். தரவரிசைப் பட்டியல் வெளியாகும். இட ஒதுக்கீடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அரை மதிப்பெண்ணில் இடம் தவறியவரும் தனக்கு முன்னால் நின்றவர் யார் என்று தெரிந்துகொண்டுதான் அழுவார். எனக்கு 197.5 இருந்தது. "அண்ணா யுனிவர்சிட்டி தாராளமாக் கிடைச்சிருக்குமே" என்று பெரியப்பா இன்றைக்கும் ஒவ்வொரு பேச்சிலும் ஒரு முறை சொல்லிவிடுவார்.

சிகாகோ என்ற எண்ணம், கணித ஒலிம்பியாட் பயிற்சி முகாமில் என்னோடு அறையில் தங்கிய சென்னைப் பெண்ணிடமிருந்து தொற்றியது. அந்தப் பல்கலைக்கழகம் 2018 முதல் சாட் என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வைக் கட்டாயமாக்கவில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பிடித்த முதல் செய்தி. அதற்குப் பதிலாக அவர்கள் என்ன கேட்பார்கள் என்பதை அவள் பிறகுதான் சொன்னாள். விண்ணப்பதாரர் எல்லோரும் ஒரு வினோதமான கேள்விக்குக் கட்டுரை எழுத வேண்டும். கேள்விகளை அனுப்புபவர்கள் அங்கே படிக்கிற, படித்து முடித்த மாணவர்கள். பழைய ஆண்டுகளின் கேள்வியைத் தேர்ந்தெடுக்கவும் அனுமதி உண்டு. பழைய பட்டியலில் இரண்டே சொல்லில் ஒரு கேள்வி கிடந்தது: "எக்ஸைக் கண்டுபிடி." கணிதம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வசதியான கேள்வி ஏது என்று மகிழ்ந்து உட்கார்ந்தேன், இரண்டு வாரம் ஒரு வரிகூட வரவில்லை. சமன்பாடு கொடுக்காமல் எக்ஸை எங்கே போய்த் தேடுவது?

கடைசியில் எக்ஸ் விண்ணப்பப் படிவத்திலேயே இருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. சாதிப் பெயரைப் பின்னால் ஒட்டுவதை என் தாத்தா காலத்திலேயே விட்டாயிற்று. அந்த வெற்றுக் கட்டத்தில் எதை எழுதுவது என்று வீட்டில் நடந்த விவாதத்தை, அப்பத்தா சொன்ன யோசனைகள் உட்பட, அப்படியே எழுதி அனுப்பினேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது நிதியுதவிப் படிவம். அங்கே ஓர் ஆண்டுச் செலவு கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 90,000 டாலருக்கு மேல். உதவி இல்லாமல் நினைத்தும் பார்க்க முடியாது. அமெரிக்க மாணவர்களை எடுக்கும்போது பண வசதியைக் கணக்கில் கொள்ளாத அந்தப் பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவர்கள் உதவி கேட்டால் அதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறது. படிவம் வீட்டின் சந்தை மதிப்பைக் கேட்டது. நாங்கள் இருப்பது கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. பதினொரு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டது. முன்கட்டில் இரண்டு அறைகள் எங்களுடையவை. ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் விற்க முடியாது. அந்தப் பதினொருவரில் இருவர் பர்மாவுக்குப் போனவர்களின் வாரிசுகள், முகவரி தெரியாதவர்கள். விற்கவே முடியாத வீட்டின் பதினொன்றில் ஒரு பங்குக்கு எத்தனை டாலர்? அப்பா ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டு, சுழியம் என்று போடச் சொன்னார். நான் சுழியத்தைப் போட்டு, கீழே விளக்கம் எழுதும் இடத்தில் வீட்டின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். டிசம்பர் நடுவில் ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. இடமும் கிடைத்தது, உதவியும் கிடைத்தது.

ஏன் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய ஐந்து பேரை மட்டுமே எடுக்கும் இடத்தில், என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிராகரிக்கப்பட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை; அவர்களுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்காது. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து என்னை வாசித்து, இவள் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முழு ஆளையும் பார்த்து எடுக்கும் முறை என்று இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த முழு ஆளை உருவாக்கிக் கொடுப்பதற்கென்றே ஆலோசகர்களை அமர்த்தி, பத்தாம் வகுப்பிலிருந்து தொண்டும் இசையும் படகோட்டமும் ஏற்பாடு செய்யப்பட்ட பிள்ளைகள் என் வகுப்பில் ஏராளம். அவர்களைப் பார்த்த பிறகு, எங்கள் ஊர் கட்‑ஆஃப் மேல் எனக்கு இருந்த கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த எண் முரட்டுத்தனமானதுதான். ஆனாலும் அதற்கு நேராக நின்று கணக்குக் கேட்கலாம்.

செப்டம்பர் இறுதியில், பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க்கில் வந்து இறங்கினேன். பெயர் விவகாரம் கடல் கடந்தும் தொடர்ந்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாததால், விசாவில் என் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகியிருந்தது, முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் பட்டியலைப் பார்த்து "ஃப்னூ" என்று அன்போடு அழைத்தார். என்னோடு இன்னொரு ஃப்னூவும் கையுயர்த்தினான், தஞ்சாவூர்க்காரன்.

நம்மூரில் பருவம் என்றால் ஐந்து மாதம். இங்கே ஆண்டை நான்காக வெட்டி, ஒரு பருவத்தைப் பத்து வாரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். மூன்றாம் வாரம் முதல் இடைத்தேர்வு வந்துவிடும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. கணிதம் படிக்க வந்தவர்களும் தத்துவம், சமூகவியல், கலை என்று ஒரு பொதுப் பாடத்தொகுதியை முடித்தே ஆக வேண்டும். அந்த வகுப்பில் பத்தொன்பது பேர், நீள்வட்ட மேசை, நடுவே பிளேட்டோ. ஆசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். சரியான விடை எனக்குள் முழு வாக்கியமாகத் திரண்டு வருவதற்குள் பேச்சு மூன்று பேரைத் தாண்டிப் போயிருக்கும். படித்திராத பக்கத்தைப் பற்றியும் நம்பிக்கையோடு ஐந்து நிமிடம் பேசுகிறவர்களைக் கண்டு முதலில் வியந்தேன், பிறகு எரிச்சலடைந்தேன், மூன்றாம் பருவத்தில் நானும் ஒரு முறை அப்படிப் பேசினேன்.

அந்த பி மைனஸுக்கு வருகிறேன். கட்டுரை எழுத எனக்குத் தெரிந்த ஒரே வழி கோனார் உரை கற்றுக்கொடுத்த வழிதான்: அறிஞர் என்ன சொன்னார் என்று பார், அதை அழகான சொற்களில் திருப்பிச் சொல். நூலகத்தில் மூன்று விளக்கவுரைகளை எடுத்துவைத்து, மூன்றிலும் இருந்த நல்ல கருத்துகளைக் கோத்து, யார் பெயரையும் குறிப்பிடாமல் ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அதில் களவு எதுவும் தோன்றவில்லை. பெரியவர்கள் சொன்னதைச் சொல்வதுதானே மரியாதை. ஆசிரியர் தம் அறைக்கு அழைத்து, அந்த மூன்று நூல்களையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். இதற்குப் பெயர் என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டு, அதை அவரே சொன்னபோது எனக்குக் காது சுட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டுரையில் என்னுடையதாக இருந்த ஒரே வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் தம் பிள்ளைகளை அழைத்துவந்து நிறுத்தாததை நான் குறைசொல்லியிருந்த வாக்கியம் அது. "இதை வைத்து எழுதுங்கள், மற்றதை எறிந்துவிடுங்கள்" என்றார். நாற்பது நிமிடம் ஒரே வாக்கியத்தைப் பற்றிப் பேசினோம். என் பதினைந்து ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில், எல்.கே.ஜி.க்கு முந்தைய காலத்தையும் சேர்த்தே சொல்கிறேன், எந்த ஆசிரியரும் என்னோடு நாற்பது நிமிடம் தனியாகப் பேசியதில்லை. வகுப்புக்கு ஐம்பது பேரை வைத்துக்கொண்டு அவர்களால் எப்படி முடியும்?

இங்கே சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு கதை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1937இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1940களில் விஸ்கான்சினில் இருந்த யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து பனியில் வண்டி ஓட்டிவந்து ஒரு வகுப்பு எடுத்தாராம். வகுப்பில் இரண்டே மாணவர்கள், லீயும் யாங்கும். அந்த இருவருக்கும் 1957இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆசிரியருக்கு 1983இல்தான். சுற்றுலாவாக வரும் பெற்றோர்களிடம் இதைச் சொல்லும்போது எல்லோரும் நோபலைக் கேட்டு வியப்பார்கள். எனக்கு அந்த இரண்டு என்ற எண்தான் ஆச்சரியம்.

குளிரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்; மைனஸ் இருபதில் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைவதை உணரலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜனவரியில் ஒரு வாரம், காலை ஆறு மணிக்கு மாணவர்கள் கூடி உடற்பயிற்சி செய்யும் வழக்கம் 1983 முதல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எல்லோரும் மிச்சிகன் ஏரிக்கரைக்கு நடந்துபோய், உதிக்கிற சூரியனைப் பார்த்து சூரிய நமஸ்காரம் செய்வார்கள். பள்ளியில் கட்டாயப்படுத்தியபோதெல்லாம் வயிற்றுவலி சொல்லித் தப்பித்த நான், ஐந்து நாளும் போய் அதற்கான சட்டையையும் வாங்கினேன். நல்லெண்ணெயும் பொன்னி அரிசியும் வேண்டுமென்றால் ஆறாம் எண் பேருந்து, சிவப்புத் தடம் ரயில், 155ஆம் எண் பேருந்து என்று மாறி மாறி நகரின் மறுகோடியில் உள்ள டெவன் தெருவுக்குப் போக வேண்டும்; போய்வர அரை நாள்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் பருவம் நடக்கும்போது வாரம் இருபது மணி நேரம் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். எனக்கு ரீகன்ஸ்டைன் நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பி அடுக்கும் வேலை. 1942 டிசம்பர் 2ஆம் நாள் மனிதர் உருவாக்கிய, தானே தொடரும் முதல் அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது இந்த இடத்தில் இருந்த பழைய விளையாட்டரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான். தமிழ் நூல்களுக்கான எண் பி.எல். 4758 என்று தொடங்குகிறது. அறுபதுகளில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்படி வாங்கிய கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டே, 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்கு இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டன என்று அறிந்தபோது, இரண்டு பி.எல்.லும் ஒன்றே என்று சில வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இது நூல் வகைப்பாட்டுக் குறி. அந்த வகைப்பாட்டில் இந்தியும் சமஸ்கிருதமும் பி.கே.யில் இருக்க, திராவிட மொழிகள் சீனம், ஜப்பானியத்தோடு பி.எல்.லில் இருக்கின்றன. 1962இல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் தேடி அன்றைய ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போன கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன், உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களை 1994இல் வாங்கி, கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்ததும் இதே பல்கலைக்கழகம். கோட்டையூருக்குக் கால் மணி நேரப் பேருந்துப் பயணம். இதை அறிய எனக்குப் பாதி உலகம் சுற்ற வேண்டியிருந்தது.

சென்ற பிப்ரவரியில், வண்டியில் வந்த நூல்களை அடுக்கும்போது பழுப்பேறிய மெல்லிய புத்தகம் ஒன்று கையில் பட்டது. ஏதோ ஒரு கோயிலின் தலபுராணச் சுருக்கம்; அச்சிட்ட இடம் காரைக்குடி. முகப்பையும் உள்ளே இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது காலை மணி ஏழு, உடனே அழைத்துவிட்டார். அவர் பாடலையோ தலத்தையோ பார்க்கவில்லை. "லையைப் பாரு, துதிக்கை வச்ச லை. கையால கோத்த எழுத்து. மூணாவது வரில ழகரம் அடிபட்டிருக்கு, மாத்தாம ஓட்டியிருக்கான்" என்றார். யார் அச்சகமாக இருக்கும் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி, இரண்டையும் அவரே மறுத்தார். பிறகு சற்று நிறுத்தி, "அதுக்கு அங்க நம்பர் எதுவும் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பொறு என்றார். குறிப்பேட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.