சான்றிதழ்களும் தேன்குழலும்

என் கணவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். 46 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். காரைக்குடி வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், என் மாமியார். அன்றுவரை வீட்டு வரி ரசீது எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். என் நாத்தனார் மட்டும், "அண்ணி, முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்" என்றார். அந்தச் சொல்லுக்காக அவரை இன்றும் கும்பிடுகிறேன்.

இறப்பை 21 நாட்களுக்குள், இறந்த ஊரிலேயே பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்து, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, வட்டாட்சியர் வரை போகும். மனைவியும் பிள்ளைகளும் மட்டுமல்ல, பெற்ற தாயும் வாரிசு. மாமியார் பெயரையும் சேர்த்தே கொடுத்தோம்.

இழுத்தடித்தது வருங்கால வைப்பு நிதிதான். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இருந்தது, நிறுவனப் பதிவேட்டில் முதலெழுத்து மட்டும். இருவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கவே மாதங்கள் ஓடின. வைப்பு நிதியும் குடும்ப ஓய்வூதியமும் தவிர, பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டுத் தொகையும் உண்டு. அதற்குத் தொழிலாளி சம்பளத்தில் பிடித்தம் கிடையாது என்பதால், பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.

பணம் வரும்வரை வயிறு காத்திருக்காதே. பக்கத்துத் தெருவில் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கும் ஆச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தேன்குழலை எண்ணெயில் பிழிந்ததும் நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "சத்தத்தைக் கேள் ஆத்தா. சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடு, சிவக்க விடாதே" என்பார். மனகோலத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போதும் அப்படித்தான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'ணங்' என்று கேட்க வேண்டும். அந்த அடுப்படியில் வேறு எதையும் நினைக்க முடியாது. இரவில் எனக்குத் தூக்கம் திரும்பியது அங்கே சேர்ந்த பிறகுதான்.

சாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக்குத் தவறாமல் போனவள் நான். அவர் போனதும் நிறுத்திவிட்டேன். நான் என்ன குறை வைத்தேன் என்று அவ்வளவு கோபம். ஒரு நாள் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கால் தானாகக் கோயிலுக்குள் போயிற்று. கோபம் தீர்ந்து போகவில்லை, கோபத்தோடுதான் போனேன். குடைவரைக்குள் கற்பக விநாயகர் இரண்டே கைகளோடு உட்கார்ந்திருக்கிறார். கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கேட்டேன், அழுதேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் இத்தனை கோபத்தோடு ஒருத்தி வந்து நிற்க இடம் இருக்கிறதே என்று தோன்றியது. என் நம்பிக்கை இப்போது அவ்வளவுதான். வேண்டுதல் பட்டியலோடு போன காலத்தைவிட இது உறுதியாக இருக்கிறது.

பிறகு ஆச்சியே சொல்லித் தனியாகச் செய்யத் தொடங்கினேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளராகப் பதிவு செய்ய, நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்தப் படிவத்தை யாரையும் கேட்காமல் நானே நிரப்பினேன். தொழில் நடத்துபவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மாமியார் சீப்புச் சீடை சுருட்டுகிறார், மகள் கணக்கு எழுதுகிறாள். தீபாவளி ஆர்டர்கள் ஆடியிலேயே வரத் தொடங்கிவிட்டன. இன்னொரு அடுப்பு வாங்க வேண்டும்.