கட்டில் குழாயில் ஒரு பைக் கேரியர்

மார்ச் 2, ஞாயிறு

பையைச் சீட்டின் மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவதை இத்தோடு நிறுத்தப் போகிறேன். நேற்று பாதி வழியில் பை சரிந்து இடது இண்டிகேட்டரை முழுக்க மறைத்துவிட்டது. எவ்வளவு தூரம் அப்படியே ஓட்டினேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

கேரியரை நானே செய்யலாம் என்று முடிவு. கையில் பணம் குறைவு. அதனால் இரும்பில் மிச்சம் பிடிப்பேன். போல்ட்டிலும் வெல்டிங்கிலும் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

இரும்பு வீட்டிலேயே கிடந்தது. உடைந்துபோன மடக்குக் கட்டிலின் குறுக்குக் குழாய்கள்: வெளிவிட்டம் 16 மி.மீ., சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. முதலில் 12 மி.மீ. கம்பி வாங்கத்தான் நினைத்திருந்தேன், கம்பி என்றால் கெட்டி என்ற எண்ணத்தில். கணக்குப் போட்டதும் எண்ணம் மாறிவிட்டது. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம், இந்தக் குழாய் 536 கிராம்தான். ஆனால் வளையாமல் தாங்கும் விறைப்பு குழாய்க்குக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு விறைப்பு. துரு உள்ளே அரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டை ஒதுக்கிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று பேப்பரும் பென்சிலும் மட்டும். முதலில் 400 மி.மீ. நீளத்துக்குத் தட்டு வரைந்திருந்தேன். அதன் நடுப்புள்ளி பின்சக்கர அச்சிலிருந்து 300 மி.மீ. பின்னால் விழுந்தது. என் வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1300 மி.மீ. அங்கே 10 கிலோ வைத்தால் பின்சக்கரத்தில் 12.3 கிலோ ஏறும், முன்சக்கரத்திலிருந்து 2.3 கிலோ குறையும். பூங்காவில் இருக்கும் சீசா பலகை போலத்தான். முன்சக்கரம் லேசானால் ஹேண்டில் அலையும்.

அதனால் தட்டை 280 மி.மீ. ஆகக் குறைத்து, முன்னால் தள்ளிச் சீட்டின் வால் பக்கத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி நிற்கும்படி மாற்றினேன். இப்போது நடுப்புள்ளி அச்சுக்கு 180 மி.மீ. பின்னால். முன்சக்கரம் இழப்பது 1.4 கிலோ. பெரிய தட்டு இருந்தால் பெரிய மூட்டையைத்தான் ஏற்றத் தோன்றும், இதுவே போதும்.

மார்ச் 8, சனி

அட்டைப் பெட்டியை வெட்டி அச்சு செய்து, வண்டியில் வைத்து வைத்துப் பார்த்தேன். நாள் முழுக்க இதற்கே போயிற்று. போனது நல்லதுதான்.

மேலே கைப்பிடிக் கம்பி மாட்டும் இரண்டு எம்8 (8 மி.மீ. போல்ட்) துளைகள், அதில் குழப்பமில்லை. கீழே எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி. ஷாக் அப்சார்பரின் கீழ் முனை, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து ஆடும், அங்கே எதையும் மாட்டக் கூடாது. மேல் முனை சேஸிஸில் அசையாமல்தான் இருக்கிறது; ஆனால் கேரியரைப் பிடிக்கும் 5 மி.மீ. இரும்புப் பட்டையை உள்ளே விட்டால் நட்டுக்குப் போதுமான மரை மிஞ்சாது. கடைசியில் பின் மட்கார்டைச் சேஸிஸோடு பிடிக்கும் இரண்டு எம்8 துளைகளை எடுத்துக்கொண்டேன்.

பட்டையின் தடிமன் கூடுவதால் போல்ட்டும் அந்த அளவு நீளமாக வேண்டும். அதிகம் நீண்டுவிட்டால் உள்பக்கம் டயரில் உரசும். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கே வரும் என்பதை இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டேன். பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையவில்லை. சைலன்சரும் தள்ளித்தான் இருக்கிறது. சீட்டைக் கழற்ற 25 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அறுக்க ஹேக்ஸா. மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு வேண்டும். முரட்டுப் பல் என்றால் சுவரில் மாட்டிக்கொண்டு உடைகிறது.

பின்பக்க மூலைகள் இரண்டையும் வளைத்துவிட நினைத்தேன், பையையும் காலையும் கிழிக்காமல் இருக்க. குழாயில் உலர்ந்த நைஸ் மணலை நிரப்பி, இரு முனைகளிலும் மரக்கட்டை ஆப்பு அடித்து, பலகையில் வெட்டிய வளைவைச் சுற்றி மெல்ல இழுக்க வேண்டும். முதல் குழாய் உள்பக்கம் நசுங்கிப் போயிற்று. மணலைத் தட்டித் தட்டி இறுக்காதது காரணம். இரண்டாவதைக் கால் மணி நேரம் தட்டியே நிரப்பினேன். குழாயின் தையல் கோடு (தகட்டைச் சுருட்டி ஒட்டிய இடம்) வளைவின் வெளியேயும் வராமல் உள்ளேயும் வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி பிடித்தேன். அழகாக வளைந்தது.

மார்ச் 15, சனி

வாரம் முழுக்க மாலை நேரங்களில் அரம் போட்டேன். ஒரு உருண்டைக் குழாயின் முனை இன்னொன்றின் மேல் உட்கார வேண்டுமானால் முனையை மீன்வாய் மாதிரிக் குடைய வேண்டும். பேப்பரைச் சுற்றிக் கோடு போட்டு, அரைவட்ட அரத்தால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி தேய்ப்பது. மொத்தம் எட்டு முனைகள்.

தெரிந்த வெல்டர் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்: "இடைவெளி இல்லாம கொண்டு வாங்க தம்பி, பாதி வேலை முடிஞ்ச மாதிரி." அப்படியே கொண்டுபோனேன். வண்டியின் துளைகளைப் பலகையில் நகலெடுத்து, அதில் போல்ட் போட்டுப் பட்டைகளை நிறுத்தியிருந்ததால் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் டேங்க், பேட்டரி இருக்கும் வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் எல்லா மூட்டிலும் சின்னதாக டாக், அதாவது பிடிப்புக்கு மட்டும் ஒரு பொட்டு வெல்டிங். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தோம், 3 மி.மீ. வித்தியாசம். தட்டிச் சரி செய்த பிறகு 2 மி.மீ. வெல்டிங் ராடு, குறைந்த ஆம்பியர், மூலை மாற்றி மூலை முழு வெல்டிங். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் சூட்டில் இழுத்துக் கோணிவிடும் என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

பெயின்ட் அடிக்கும் முன்பே சோதனை. 10 லிட்டர் கேன் இரண்டு, தண்ணீர் நிரப்பினால் 20 கிலோ. ஏற்றப் போவது அதில் பாதிதான். பின்விளிம்பு 2 மி.மீ. இறங்கியது, கேனை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. நிம்மதி.

அப்புறம் ஒரு கேனோடு மேடு பள்ளத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வலது கீழ்ப் பட்டையில் வெல்டிங் ஓரமாக மயிரிழை போல ஒரு விரிசல். மனசு ஒடிந்து போயிற்று.

கேரியரைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மேலிருந்து அழுத்தும் பாரத்தைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். பள்ளத்தில் மூட்டை இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டம் முழுவதையும் கீழே இருந்த 3 மி.மீ. பட்டைதான் வளைந்து வளைந்து வாங்கியிருக்கிறது. வளைக்கச் சுலபம் என்று அங்கே மட்டும் 3 மி.மீ. போட்டது தவறு.

மார்ச் 22, சனி

கீழ்ப் பட்டைகள் இரண்டும் இப்போது 5 மி.மீ. பட்டையும் குழாயும் சேரும் இடத்தில் சிறு முக்கோணத் தகடு. இரண்டு தாங்கு குழாய்களுக்கும் நடுவே மூலைவிட்டமாக ஒரு குறுக்குக் குழாய். ஒதுக்கி வைத்திருந்த நசுங்கிய குழாயின் நல்ல பாதி இதற்குச் சரியாக இருந்தது. ஆட்டிப் பார்த்தால் கேரியர் தனியாக அசையவில்லை, வண்டியே சேர்ந்து அசைகிறது. அதே பாதையில் அதே கேனோடு இரண்டு முறை போய் வந்தேன். விரிசல் இல்லை.

கயிறு மாட்ட 6 மி.மீ. கம்பியில் நான்கு வளையங்களும் வைத்தாயிற்று. கொக்கி எங்கே மாட்டுவது என்று இனித் தேட வேண்டாம்.

மார்ச் 23, ஞாயிறு

வயர் பிரஷ், உப்புத்தாள், தின்னர் துடைப்பு, துரு பிடிக்காமல் இருக்க அடியில் ரெட் ஆக்சைடு பெயின்ட். மழைத்தண்ணீர் உள்ளே தங்காமல் வடிய, தாழ்ந்த இடங்களில் 3 மி.மீ. துளை. கறுப்பு எனாமல் இரண்டு கோட், நடுவில் ஒரு நாள் காயவிட்டு.

மார்ச் 30, ஞாயிறு

மாட்டிவிட்டேன். 8.8 கிரேடு (உறுதி கூடிய) போல்ட், பெரிய வாஷர், தானாகத் தளராமல் இருக்க நைலான் வளையம் வைத்த நட். புதிதாக வாங்கிய பொருள் என்றால் பெரும்பாலும் இவைதான். இறுக்கியபின் ஒவ்வொரு நட்டுக்கும் பட்டைக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். நட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எடை பார்த்தேன்: 1.9 கிலோ.

ஏப்ரல் 20, ஞாயிறு

500 கி.மீ. ஆயிற்று. பெரும்பாலும் 8 கிலோ பையோடுதான். வெல்டிங் ஓரங்களைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயின்ட் எங்கும் வெடிக்கவில்லை, துருக் கோடும் இல்லை. இடது மேல் நட்டில் மட்டும் வெள்ளைக் கோடு லேசாக விலகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் பட்டைக்கு அடியில் பெயின்ட் நசுங்கியிருக்கிறது. அந்த அளவுக்குப் பிடி தளர்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி, புது நட் போட்டு இறுக்கி, புதுக் கோடு இழுத்திருக்கிறேன். மற்ற மூன்றையும் நாளை காலை அதேபோல் கழற்றிப் பார்க்க வேண்டும்.