யாரோட சாப்பிட்டே?

எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் என் தம்பிதான். நான் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்ததுமே வேலைக்குப் போய்விட்டேன். போன வருடம் ஆகஸ்டில் அவன் இங்கே சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தபோது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் யாருமில்லை.

ஈசூனில் ரயில் ஏறி ஜூரோங் ஈஸ்டில் மாறி, பூன் லேயில் இறங்கி, அப்புறம் 179 பேருந்து. எட்டரை மணி வகுப்பென்றால் ஆறரைக்கே கிளம்பிவிடுவான். விடுதிக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று முடிவெடுத்தது நாங்கள்தான். வகுப்பு முடிந்ததும் பேருந்துக்கு ஓடுகிறவனுக்கு எப்படி நண்பர்கள் கிடைப்பார்கள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

அம்மா தினமும் டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பார். இரவு "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். "ம்" என்பான். டப்பாவும் காலியாகத்தான் வரும். ஐந்தாவது வாரம் ஒரு நாள் நான் சும்மா வேறு மாதிரி கேட்டேன்: "இன்னைக்கு யாரோட சாப்பிட்டே?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "யாரும் இல்லக்கா. லைப்ரரி பக்கத்துப் படிக்கட்டுல உக்காந்து சாப்பிடுவேன்."

அதற்கப்புறம் எல்லாம் வந்தது. ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசியச் சேவையில் (ராணுவம், காவல்துறை மாதிரி) 2 வருடம் இருந்ததில் தொகை நுண்கணிதம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. தொடக்கக் கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பை முடித்து நேராக வந்த பிள்ளைகள் படபடவென்று விடை சொல்ல, இவன் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். முதல் சிறுதேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அதை அவன் மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

"லெக்சரரைப் போய்க் கேளேன்டா" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. ஏன் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஆசிரியரைத் தனியாகப் பார்க்கப் போவதென்றால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். தொடக்கப்பள்ளியிலிருந்தே அவனுக்குத் துணைப்பாட வகுப்பு உண்டு. இந்தியச் சமூகப் பிள்ளைகளுக்கு உதவும் சிண்டா அமைப்பின் வகுப்புக்கும் போயிருக்கிறான். அங்கே இவன் வாயைத் திறக்காவிட்டாலும் எங்கே தடுமாறுகிறான் என்று ஆசிரியரே பார்த்துவிடுவார். பல்கலைக்கழகத்தில் நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவு தட்டுவதற்காகவே இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

ஏழாவது வாரத்துக்குப் பிறகு ஒரு வாரம் இடைவேளை வரும். அந்த வாரம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். எனக்கு அவன் கணக்கு புரியாது. "எந்த வரி வரைக்கும் புரியுது, எந்த வரியில நிக்குது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு தாளில் மூன்று கேள்விகள் தேறின. வகுப்புகள் தொடங்கியதும் அந்தத் தாளோடு போனான். ஆசிரியர் இருபது நிமிடம் உட்கார்ந்து போட்டுக் காட்டினாராம். "திட்டவே இல்லக்கா" என்று இவன் சொன்னபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அங்கே தமிழ் இலக்கிய மன்றம் இருக்கிறது. மேடை ஏறுகிற பையன் இல்லை இவன். நாற்காலி அடுக்கத்தான் போனான். அங்கே பழக்கமான மூத்த மாணவர் ஒருவர், பழைய தேர்வுத்தாள்களை எங்கிருந்து தொடங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, நன்றி சொல்லணும்.

தீபாவளி முடிந்த கையோடு தேர்வு. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் மார்க்கைப் பற்றிக் கேட்க வேண்டாமென்று நான் முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பரவாயில்லை.

இப்போது இரண்டாம் ஆண்டு. இன்னமும் இரவில் அதே கேள்விதான் கேட்கிறேன். நேற்று நாலு பெயர் சொன்னான். அதில் ஒருத்தன் முதலாண்டாம், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனாம்.